பின்தட்டுத் தண்ணீர்

வீரபத்திரன் யார் வீட்டிலும் கை நனைக்க மாட்டார். கல்யாணமானாலும் காதுகுத்தானாலும் பந்தலில் தலையைக் காட்டுவார், மாப்பிள்ளையின் கையைப் பிடித்து நாலு வார்த்தை பேசுவார், இலை போடுகிற நேரத்துக்கு மொபெட்டைக் கிளப்பிக்கொண்டு செவிலிமேட்டில் இருக்கிற தன் வீட்டுக்கு வந்துவிடுவார். மெக்கானிக்குக்குத் திமிர் என்று சொல்கிறவர்கள் உண்டு. திமிரெல்லாம் இல்லை. முப்பத்து நாலு வருஷமாகக் காஞ்சிபுரத்தில் ஃபிரிட்ஜ் பழுது பார்க்கிறார். மற்றவர்கள் ஃபிரிட்ஜின் முன்பக்கத்தைப் பார்க்கிறார்கள். அவர் பின்பக்கத்தைப் பார்க்கிறார். பார்த்த பிறகு அந்த வீட்டுச் சாம்பார் தொண்டையில் இறங்குவதில்லை.

முன்பக்கம் பளபளவென்று இருக்கும். கதவில் மயில் ஸ்டிக்கர், கைப்பிடிக்குத் துணி உறை, மேலே பின்னல் விரிப்பு போட்டு அதன்மேல் பிளாஸ்டிக் பூ. சுவரோடு ஒட்டித் தள்ளி வைத்திருப்பார்கள். இழுத்துப் பார்த்தால் பின்புறக் கம்பிவலை முழுக்க எண்ணெய்ப் பிசுக்கில் ஊறிய தூசி, கம்பளி மாதிரி கனத்துத் தொங்கும். அதற்குள் கரப்பான் முட்டை, பல்லியின் வெள்ளை எலும்பு, எப்போதோ உருண்டுபோன ஒரு கத்தரிக்காயின் காம்பு. "கூலிங்கே இல்லப்பா" என்று போன் செய்வார்கள். எங்கிருந்து வரும்? உள்ளே இருக்கிற சூட்டை வெளியே தள்ளுவதே அந்தக் கம்பிதான். அதற்குக் கம்பளி போர்த்திவிட்டுக் குளிரவில்லை என்றால்?

சூடு ஆறாத ரசத்தைக் குண்டானோடு உள்ளே வைப்பார்கள். ஃபிரீசரில் ஐஸ் மலைபோல் ஏறிவிட்டால் கரையும் வரை காத்திருக்கப் பொறுமை இல்லாமல் கத்தியால் குத்துவார்கள். தகட்டில் ஓட்டை விழுந்து கேஸ் போனதும், "அதுவா போயிடுச்சுப்பா" என்பார்கள். ஆயுத பூஜைக்குக் கதவு ரப்பரிலேயே சந்தனத்தைக் குழைத்துப் பொட்டு வைப்பவர்கள் இந்த ஊரில் ஏராளம். காய்ந்த சந்தனம் ரப்பரைக் கதவோடு ஒட்டவிடாது. ஒரு வருஷம் முழுக்க அந்த இடைவெளியில் ஈரக்காற்று போய்வந்துகொண்டிருக்கும், கரண்டு பில் ஏறும், எறும்பு வரும். வீரபத்திரன் ஒரு பஸ் டிக்கெட்டைக் கதவிடுக்கில் வைத்து மூடுவார். டிக்கெட்டைச் சுளுவாக உருவ முடிந்தால் ரப்பர் பிடிக்கவில்லை. வெந்நீரில் துணியை நனைத்து, சந்தனத்தை ஊறவைத்து, நகம் படாமல் துடைத்து எடுப்பார். அத்தோடு வேலை முடிந்தது. அடுத்த ஆயுத பூஜைக்கு அதே இடத்தில் மறுபடியும் பொட்டு இருக்கும்.

அவர் அப்பா பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த ஓர் ஐஸ் ஃபாக்டரியில் பாளம் இழுத்தவர். பதினாறு வயதில் வீரபத்திரனும் அங்கேயே போனார். அம்மோனியா கசிந்தால் முதலில் மூக்குதான் சொல்ல வேண்டும். மீட்டர் முள்ளை நம்பி நிற்கிறவன் விழுந்துவிடுவான். அங்கே வேலை பார்த்த எல்லோருக்கும் மூக்கும் காதும்தான் கருவி. நீளமான ஸ்குரூடிரைவரின் நுனியைக் கம்ப்ரசர்மேல் ஊன்றி, கைப்பிடியைக் காதில் வைத்துக் கேட்பார்கள். ஃபாக்டரியை மூடியபோது அவரிடம் மிஞ்சியது இந்த வித்தை மட்டும்தான். பழைய இரும்புக் கடைகளில் செத்த ஃபிரிட்ஜாகத் தேடி வாங்கி, கழற்றி, எந்த ஒயர் எங்கே போகிறது என்று நோட்டில் படம் போட்டு, திரும்பப் பூட்டினார். முதல் ஃபிரிட்ஜ் குளிர ஏழு மாதம் ஆயிற்று. சர்டிபிகேட் கிடையாது. நோட்டு உண்டு, இதுவரை பதினொன்று.

அந்த நோட்டுகளிலிருந்து அவர் தனக்கென்று ஒரு வழக்கம் வைத்துக்கொண்டார். ஒரு வீட்டுக்குள் போனால் முதல் கால் மணி நேரம் பையையும் திறக்க மாட்டார், வாயையும் திறக்க மாட்டார். பிளக்கைப் பார்ப்பார், ஸ்டெபிலைசரைப் பார்ப்பார், ஃபிரிட்ஜ் தரையில் சமமாக நிற்கிறதா என்று தட்டிப் பார்ப்பார், கம்ப்ரசரின்மேல் உள்ளங்கையை வைத்துச் சூடு பார்ப்பார். அதற்குப் பிறகுதான் பேச்சு. வாசற்படியிலேயே "கம்ப்ரசர் போச்சு" என்று சொல்கிற மெக்கானிக்குகளை நினைத்தால் அவருக்குக் குமட்டும். பத்து வீட்டில் ஒன்பதில் கம்ப்ரசர் நன்றாகத்தான் இருக்கும். போனது ஒரு ரிலேவாக இருக்கும், தெர்மோஸ்டாட்டாக இருக்கும், இல்லையென்றால் மனுஷர்களின் புத்தியாக இருக்கும்.

அந்த வழக்கத்தை அவர் ஒரே ஒரு முறை மீறினார். போன வைகாசியில், பிள்ளையார்பாளையத்தில், கண்ணாயிரத்தின் வீட்டில்.

கண்ணாயிரம் பட்டு நெசவாளி. வீட்டுக் கூடத்திலேயே தறி. அவர் மனைவி அகிலா. ஒரே மகன் குரு, காந்தி ரோட்டில் ஒரு ஜவுளிக் கடையில் சேல்ஸ்மேன். ஏனாத்தூரைச் சேர்ந்த ஏஞ்சல் என்ற பெண்ணைக் காதலித்து, அதற்கு முந்தின தை மாதம் கட்டிக்கொண்டு வந்தான். ஏஞ்சல் ஸ்ரீபெரும்புதூரில் ஒரு கம்பெனிக்குப் போய்வருகிறாள். முட்டைகூட ஏறாத வீடு என்று தெரிந்தேதான் வந்தாள், வந்த நாளிலிருந்து அப்படியேதான் சாப்பிட்டுக்கொண்டும் இருந்தாள்.

அன்று மத்தியானம் வீரபத்திரன் மொபெட்டை நிறுத்தும்போதே குரு தெருவுக்கு ஓடி வந்தான்.

"அண்ணா, எலி கிலி எதுனா செத்துக் கெடக்குதான்னு நல்லாப் பாருங்கண்ணா."

"ஏம்பா, எலி செத்தா உனக்கு இன்னா அவ்ளோ சந்தோசம்?"

"ஒரு வாரமா ஃபிரிட்ஜுல நாத்தம்ணா. ஏஞ்சல் கறி கொண்டாந்து ஒளிச்சு வெச்சிருக்கான்னு எங்கம்மா சொல்றாங்க. அவ டிபன் பாக்ஸத் தூக்கித் தெருவுல வீசிட்டாங்க. தெருவே பாத்துச்சு. அவளை நாலு நாளா அடுப்படிக்குள்ளயே விடலை. இதுக்குமேல அவளை அவங்க வீட்டுக்கு அனுப்பிடணும்னு நிக்கிறாங்க."

"நீ இன்னா சொன்ன?"

குரு திரும்பிக்கொண்டான். உள்ளே வழிகாட்டிக்கொண்டு போனான்.

கூடத்தில் கண்ணாயிரம் தறிக்குழியில் உட்கார்ந்து நெய்துகொண்டிருந்தார். தறிச் சத்தம் நிற்கவில்லை, தலையும் நிமிரவில்லை. ஃபிரிட்ஜ் கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவே இருந்தது. அகிலா புடவைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றாள். கொல்லைக் கதவோரம் ஏஞ்சல் தரையில் உட்கார்ந்திருந்தாள். அழுது முடித்த முகம். அந்த வீட்டில் அவள் உட்கார அனுமதிக்கப்பட்ட இடம் அது என்று பார்த்தாலே தெரிந்தது.

"தொறந்து பாருப்பா, நீயே தொறந்து பாரு" என்றாள் அகிலா.

வீரபத்திரன் திறந்தார். நாற்றம் முகத்தில் அறைந்தது. முப்பத்து நாலு வருஷத்தில் அவர் முகராத நாற்றம் இல்லை. புளித்த மாவு, அழுகிய தக்காளி, ஊருக்குப் போன வீட்டில் கரண்டு போய் ஊதிப்போன பால் பாக்கெட். இது அவை எதுவும் இல்லை. குடலைப் பிடுங்கியது.

"சீ! கறி அழுகின நாத்தம்மா இது" என்று சொல்லிவிட்டார்.

சொல்லி முடிப்பதற்குள் அகிலா கையைத் தட்டினாள். "கேட்டுக்கினியா குரு? மெக்கானிக்கே சொல்லிட்டான். நான் சொன்னா மாமியார் கொடுமைன்னு சொல்லுவீங்க. இப்ப இன்னா சொல்ற?" போனை எடுத்து, ஏஞ்சலின் அம்மா கிரேஸை அப்போதே கூப்பிட்டாள். "உங்க பொண்ணு எங்க ஃபிரிட்ஜுல கறி வெச்சது நெசம்மா. மெக்கானிக் வாயாலயே வந்துடுச்சு. உடனே கெளம்பி வந்து கூட்டிக்கினு போங்க. இந்த வீட்டுல இனிமே அவளுக்கு எடம் இல்ல."

ஏஞ்சல் எழுந்து வந்தாள். அகிலாவைப் பார்க்கவில்லை. வீரபத்திரனுக்கு நேராக வந்து நின்றாள்.

"கறிய நீங்க பாத்தீங்களாண்ணா?"

"இல்லம்மா, நாத்தம் அந்த மாதிரி..."

"பாத்தீங்களா?"

அவர் ஃபிரிட்ஜுக்குள் திரும்பிப் பார்த்தார். காலியாக இருந்தது. எலுமிச்சை போட்டுத் தேய்த்து, சோடா உப்பு போட்டுக் கழுவி, ஒவ்வொரு தட்டிலும் ஒரு கட்டி கற்பூரம் வைத்திருந்தார்கள். ஒரு பருக்கைகூட இல்லை. காய்கறிப் பெட்டி கண்ணாடி மாதிரி இருந்தது. கழுவிக் காயவைத்த காலி ஃபிரிட்ஜில் கறி நாற்றம் எங்கிருந்து வரும்? கால் மணி நேரம் வாயை மூடிக்கொண்டிருந்தால் முதலில் இதைத்தானே கேட்டிருப்பார்? வாசற்படி மெக்கானிக்குகளைப் பற்றி வீட்டுக்கு வீடு பேசித் திரிந்தவர், அவர்களைவிடக் கேவலமாக ஒரு வார்த்தையை விட்டிருந்தார். அவர்கள் விடுகிற வார்த்தையால் போவது ஒரு கம்ப்ரசர். தன் வாயிலேயே அந்த நாற்றம் அடிப்பதுபோல் இருந்தது அவருக்கு.

ஏனாத்தூரிலிருந்து அவர்கள் கிளம்பி வந்துசேர முக்கால் மணி நேரம். அதற்குள் கண்டுபிடிக்க வேண்டும்.

கையை உள்ளே நீட்டினார். குளிர் சரியாக இருந்தது. ஃபிரீசரில் ஐஸ் மெல்லியதாக, ஒரே சீராகப் பிடித்திருந்தது. டிக்கெட்டை வைத்து நாலு பக்கமும் கதவை மூடிப் பார்த்தார், ரப்பர் கவ்விப் பிடித்தது. கரண்டு நின்றதா என்று கேட்டார். இல்லை. இவ்வளவு குளிரில் கறியே இருந்தாலும் இப்படி அழுகாது. அழுகுவதற்குச் சூடு வேண்டும், ஈரம் வேண்டும். ஃபிரிட்ஜில் இரண்டும் சேர்ந்து இருக்கிற இடம் ஒன்றுதான் உண்டு. உள்சுவரில் வடிகிற தண்ணீர் அடியில் ஒரு சின்னத் துவாரத்தில் இறங்கி, குழாய் வழியாகப் பின்னால் போய், கம்ப்ரசரின் தலைமேல் உட்கார்ந்திருக்கிற பிளாஸ்டிக் தட்டில் சேரும். கம்ப்ரசர் சூட்டில் அந்தத் தண்ணீர் காற்றோடு போய்விடும். போகாமல் தேங்கி அழுகினால் நாற்றம் அதே குழாய் வழியாக உள்ளே ஏறும். நூறு வீட்டில் தொண்ணூற்றொன்பது வீட்டாருக்கு அப்படி ஒரு தட்டு இருப்பதே தெரியாது.

"குரு, அந்தப் பக்கம் புடிப்பா. இழுக்கணும்."

இழுத்தார்கள். பின்னால் மண்டியிட்டு, டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு எட்டிப் பார்த்தார். தட்டில் இரண்டு விரல் உயரத்துக்கு மஞ்சளாக ஏதோ தேங்கி நின்றது. தண்ணீர் இல்லை, கோழை. மேலே ஆடை படிந்திருந்தது. கம்ப்ரசர் அதிரும்போதெல்லாம் ஆடை நடுங்கியது. குரு ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டுக் கொல்லைக்கு ஓடி வாந்தி எடுத்தான். வீரபத்திரன் நகரவில்லை. ஸ்குரூவைக் கழற்றி, ஒரு சொட்டும் சிந்தாமல் தட்டை உருவி எடுத்துத் தரையில் வைத்தார். பிறகு குழாயின் வாயில் ஒரு வளைத்த கம்பியை விட்டுச் சுழற்றி மெதுவாக இழுத்தார்.

வந்தது வந்துகொண்டே இருந்தது. சுண்டு விரல் கனத்தில், முழ நீளத்துக்கு, வழவழவென்று ஒரு திரி. அதை விளக்கின் கீழே பிடித்து, கோழையைத் துணியால் வழித்தார். உள்ளே அரக்கு நிறம். விரலால் பிரித்தால் இழை இழையாக வந்தது.

"அம்மா, ஃபிரிட்ஜுல பட்டு வெச்சீங்களா?"

"பட்டா? பட்டு நூல யாராவது ஃபிரிட்ஜுல வெப்பாங்களா?" என்றவள், பாதியில் நிறுத்தினாள். "அவரு தார் வெப்பாரு. வெயிலுக்கு நூல் காஞ்சு அறுந்து போவுதுன்னு. அதுக்கு இன்னா இப்ப?"

தறியில் இடமும் வலமும் ஓடுகிற நாடாவுக்குள் வைக்கும், குறுக்கு நூலான ஊடையைச் சுற்றிய சிறு கட்டைதான் தார். கோடையில் நூல் காய்ந்தால் படக்கென்று அறும். ஈரமாக இருந்தால் நெசவு இறுகி விழும். அதனால் ஈரத்துணியில் சுற்றி வைப்பது எல்லா நெசவாளி வீட்டிலும் உள்ளதுதான். கண்ணாயிரம் ஒரு படி மேலே போயிருந்தார். ஈரத்துணி மூட்டையை அப்படியே ஃபிரிட்ஜின் அடித்தட்டில், குளிர் அதிகம் என்று பின்சுவரோடு ஒட்டி வைத்திருந்தார். மூட்டையிலிருந்து சொட்டிய தண்ணீர் அறுந்த இழைகளையும் இழுத்துக்கொண்டு துவாரத்தில் இறங்கியது. பட்டில் புழு விட்ட பசை உண்டு. சாயப்பட்டறையில் அவித்து அதைப் போக்குவார்கள். சரியாகப் போக்காத பட்டு ஈரத்தில் ஊறினால் பசை கரையும், அந்தத் தண்ணீர் சூட்டில் இரண்டு நாள் தேங்கினால் கறியாகத்தான் நாறும். அதுவும் ஓர் உயிரின் உடம்பிலிருந்து வந்ததுதானே? சாயப்பட்டறைப் பக்கம் போய்வந்தவர்கள் எல்லோருக்கும் அந்த நாற்றம் தெரியும்.

"அந்த மூட்டை இப்ப எங்கம்மா?"

அகிலா விழித்தாள். ஏஞ்சல்தான் சொன்னாள்.

"மாமா எடுத்துட்டாரு. வெள்ளிக்கிழமை காலைல. என் டிபன் பாக்ஸ அத்தை வீசினது அன்னைக்குச் சாயங்காலம்."

தறிச் சத்தம் நின்றது.

வீரபத்திரன் தட்டைப் பார்த்தார், பிறகு தறிக்குழியைப் பார்த்தார். அப்படியானால் இந்த மனுஷனுக்கு வெள்ளிக்கிழமையே தெரியும். மோந்ததும் தெரிந்திருக்கிறது. ஓசைப்படாமல் மூட்டையை எடுத்து மறைத்துவிட்டு, சாயங்காலம் பெண்டாட்டி மருமகளின் டிபன் பாக்ஸைத் தெருவில் வீசும்போது இந்தக் குழிக்குள் உட்கார்ந்து நெய்துகொண்டிருந்திருக்கிறார். நாலு நாளாக நெய்துகொண்டிருக்கிறார். தட்டில் இருந்த கோழையைக் கையால் அள்ளச் சொன்னாலும் அள்ளிவிடலாம் என்று தோன்றியது வீரபத்திரனுக்கு. இந்த ஆளின் முகத்தைப் பார்க்கத்தான் முடியவில்லை.

"சாயக்காரன் அவசரத்துல பசையப் போக்காமக் குடுத்துட்டான்" என்றார் கண்ணாயிரம், யாரையும் பார்க்காமல். "நான் எடுத்துட்டேன். எடுத்துட்டா நாத்தம் தானா போயிடும்னு நெனச்சேன்."

"வாயத் தொறந்து சொல்லியிருக்கலாமே மாமா" என்றாள் ஏஞ்சல்.

அப்புறம் அகிலா செய்ததுதான் வீரபத்திரனால் இன்றுவரை செரிக்க முடியாதது. குரலைத் தாழ்த்தி அவர் பக்கம் குனிந்தாள்.

"ஏம்பா வீரா, அவங்க வந்துக்கினு இருக்காங்க. எலின்னு சொல்லிடுப்பா. எலி செத்துக் கெடந்துச்சுன்னு சொல்லிட்டா எல்லாருக்கும் மரியாதையா போயிடும்."

வாந்தி எடுத்து வந்த குருவும் வாயைத் துடைத்துக்கொண்டே தலையாட்டினான். "ஆமாண்ணா. எலின்னே வெச்சிப்போம். யாருக்கும் கஷ்டம் இல்ல."

"நான் எலியப் பாக்கலையேப்பா" என்றார் வீரபத்திரன். "பாக்காத கறிய ஒரு தடவை சொல்லிட்டேன். அதுவே இன்னும் தொண்டையில நிக்குது."

வெளியே ஆட்டோ வந்து நின்றது. ஏஞ்சலின் அப்பா சத்யராஜ் பெயிண்டர். வேலையிலிருந்து அப்படியே வந்திருந்தார், சட்டையில் சுண்ணாம்பு. கிரேஸின் கண்கள் வழியெல்லாம் அழுது சிவந்திருந்தன. உள்ளே வந்ததும் சத்யராஜ் கைகூப்பினார். "சம்பந்தியம்மா, கொழந்தை எதுனா தப்பு பண்ணியிருந்தா நாங்க மன்னிப்பு கேட்டுக்கறோம். அனுப்பறேன்னு மட்டும் சொல்லாதீங்க."

"அப்பா, கையக் கீழ எறக்கு" என்றாள் ஏஞ்சல்.

யாரும் உட்காரச் சொல்லவில்லை. அகிலா வீரபத்திரனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் ஈரக் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"ஐயா, கறின்னு சொன்ன மெக்கானிக் நான்தான். பாக்காம சொன்னேன். தப்பு என்னுது. உங்க பொண்ணு எதையும் வெக்கலை. இது பட்டு. தாரு மூட்டையிலேந்து சொட்டின தண்ணி பின்னால தேங்கி அழுகியிருக்குது. இதோ தட்டு, இதோ நூல். இந்தத் தறியில ஓடற அதே அரக்கு. ஒத்து வெச்சுப் பாத்துக்கங்க."

சத்யராஜ் ஒத்துப் பார்க்கவில்லை. கிரேஸ் பார்த்தாள். திரியையும் தறியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, மகளின் தலையில் கை வைத்தாள்.

"சரி, ஏதோ நடந்துபோச்சு" என்று அகிலா ஆரம்பித்தாள். "கோவத்துல நாலு வார்த்தை வந்துடுது. உக்காருங்க, காபி போடறேன். வீரா, அத எடுத்துக்கினு போய்க் கொட்டிட்டு வாப்பா, வீடே நாறுது."

"பழுது பாக்கறது என் வேலைம்மா. இதக் கொட்டற ஆள் நான் இல்ல. வீட்டுக்காரங்க தட்டு, வீட்டுக்காரங்க கொட்டுங்க."

அகிலாவின் முகம் சுருங்கியது. குரு ஒரு அடி முன்னால் வந்தான். ஏஞ்சல் கையை நீட்டி அவனைத் தடுத்தாள்.

"மாமா கொட்டட்டும்" என்றாள். குரல் உயரவில்லை. "அத்தை என்னைத் தெருவுல வெச்சுத்தான் சொன்னாங்க. எதிர்வீட்டு முனிசாமி அண்ணன்லேந்து அத்தனை பேரும் நின்னு பாத்தாங்க. இங்க எங்கப்பா கிட்ட சொன்னது பத்தாது. தெருவுல கொட்டிட்டு, கேக்கறவங்களுக்கு இன்னதுன்னு சொல்லுங்க மாமா."

"ஏம்மா, பெரியவரைப் போய்..." என்றார் சத்யராஜ்.

"நீ சும்மா இருப்பா."

கண்ணாயிரம் தறிக்குழியிலிருந்து எழுந்திருக்க நேரமாயிற்று. மனைவியைப் பார்த்தார், மகனைப் பார்த்தார். குரு ஃபிரிட்ஜையே பார்த்துக்கொண்டிருந்தான். கடைசியில் குனிந்து தட்டை இரண்டு கையாலும் எடுத்தார். நிறைந்து தளும்பியது. முகத்தைத் திருப்பவும் முடியாமல், வேகமாக நடக்கவும் முடியாமல், விரல்மேல் வழிய வழிய வாசலுக்குப் போனார். வீரபத்திரன் கதவருகே நின்று பார்த்தார்.

சாக்கடையில் ஊற்றியதும் தெருவே மூக்கைப் பொத்தியது. எதிர்வீட்டில் தறியில் ஏற்றப் பாவு நூலைச் சரிபார்த்துக்கொண்டிருந்த முனிசாமி எழுந்து நின்றார்.

"சீ, இன்னா கண்ணாயிரம் இது? மருமவ கொண்டாந்த கறியா?"

பக்கத்து வீட்டு ஜன்னலில் இரண்டு தலைகள் தெரிந்தன. ஏஞ்சல் நடையில் வந்து நின்றாள்.

"கறி இல்லப்பா" என்றார் கண்ணாயிரம்.

"பின்ன?"

"பட்டுத் தண்ணி. என் தாரு. நான்தான் ஃபிரிட்ஜுல வெச்சேன்."

"அடப்பாவி! அப்புறம் ஏன் அந்தப் பொண்ணு பாக்ஸ வீசினீங்க?"

"எனக்குத் தெரியும். சொல்லலை" என்றார். அவ்வளவுதான் சொன்னார். ஆனால் தெருவுக்குக் கேட்கிற மாதிரி சொன்னார்.

ஏஞ்சல் உள்ளே திரும்பி வந்து அறைக்குள் போனாள். ஒரு பையோடு வெளியே வந்தாள். "அம்மா, வா போலாம்."

"ஏன் ஏஞ்சல்?" என்று குரு பதறினான். "அதான் அப்பா சொல்லிட்டாரே. இனிமே இன்னா?"

"சொன்னாரு. எனக்கு இன்னும் கொமட்டுது. எலின்னே வெச்சிப்போம்னு சொன்ன பாரு, அதுவும் சேர்ந்து கொமட்டுது. அது நின்னதும் வர்றேன். அவங்க அனுப்பிப் போகலை, நானே போறேன்னு எல்லாருக்கும் சொல்லு. கூட வர்றதுன்னா செருப்ப மாட்டிக்கினு வா."

குரு அம்மாவைப் பார்த்தான். அகிலா அடுப்படிக்குள் போய்விட்டாள். ஆட்டோ கிளம்பும் சத்தம் கேட்டதும்தான் அவன் ஓடினான், ஒரு காலில் செருப்போடு, மற்றதைக் கையில் பிடித்துக்கொண்டு. ஆட்டோ நின்றதா என்று வீரபத்திரன் எட்டிப் பார்க்கவில்லை. பார்க்கிற மனசு இல்லை.

அவருக்கு இன்னும் வேலை பாக்கி இருந்தது. குழாயில் வெந்நீர் ஊற்றினார். முதல் செம்பு மஞ்சளாக வந்தது, இரண்டாவது கலங்கலாக, நாலாவதுதான் தெளிந்தது. தெளிந்த பிறகும் ஒரு செம்பு ஊற்றினார். கம்பிவலையைப் பிரஷ் போட்டுத் தட்டினார். அந்த வீட்டில் காபி வாசனை வந்துகொண்டிருந்தது. தன்னைக் கேட்கப்போகிறார்கள் என்று நினைத்தபோதே அவருக்கு வாய் கசந்தது.

கண்ணாயிரம் தட்டோடு திரும்பி வந்து நீட்டினார். மூலைகளில் கோழை அப்படியே ஒட்டியிருந்தது.

"இத அப்படியே மாட்டினா நாளைக்கே மறுபடி நாறும்" என்றார் வீரபத்திரன். "சோப்பு போட்டு, பிரஷ்ஷால தேச்சுக் கழுவிக்கினு வாங்க. தாரை மண்சட்டியில ஈர மணல் போட்டு வையுங்க, ஃபிரிட்ஜு வேணாம்."

கண்ணாயிரம் தலையாட்டிவிட்டுக் கொல்லைக் குழாய்க்குப் போனார். வீரபத்திரன் ஸ்குரூக்களைத் துணியில் வரிசையாக வைத்துவிட்டுக் காத்திருந்தார். இரண்டாவது முறை கொண்டுவந்தபோதும் ஒரு மூலை வழவழத்தது. திருப்பிக் கொடுத்தார்.